சீனர்களை அசைத்துப் பார்த்த ஐரோப்பியர்கள்: ஆண்கள் டேபிள் டென்னிஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒலிம்பிக் வந்தால் போதும், வருடம் முழுக்க டேபிள் டென்னிஸ் பக்கமே திரும்பாத நண்பர்கள்கூட "சீனாக்காரனை யாராலும் அடிக்க முடியாதா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். பல வருடமாக வாயால் சொல்லிக்கொண்டிருந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். ஆண்கள் ஆட்டம் மட்டும்தான். பெண்கள் ஆட்டத்தின் கதை வேறு.

இந்த ஆட்டம் எப்போதுமே சீனாவின் கையில்தான் இருந்ததா?

இல்லவே இல்லை. முதல் உலகச் சாம்பியன்ஷிப் 1926இல் லண்டனில் நடந்தது. அதற்குப் பிறகு இரண்டாம் உலகப் போர் வரைக்கும் ஹங்கேரிதான் ராஜா. விக்டர் பர்னா மட்டுமே ஐந்து முறை ஒற்றையர் பட்டம் வென்றார். 1952இல் பம்பாயில் நடந்த போட்டிக்கு ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ கெட்டியான ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையோடு வந்தார். பந்து மட்டையில் படும் சத்தமே எதிராளிக்குக் கேட்கவில்லை. பட்டத்தை அள்ளிக்கொண்டு போனார்.

சீனாவின் முறை வந்தது 1959இல். ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் ரோங் குவோதுவான் இறுதியில் ஹங்கேரியின் ஃபெரெங்க் சிடோவை வென்றார். எந்த விளையாட்டிலும் சீனாவுக்குக் கிடைத்த முதல் உலகச் சாம்பியன் அவர்தான். டார்ட்மண்ட் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

கடைசியாக உலகச் சாம்பியன் ஆன ஐரோப்பியர் யார்?

ஆஸ்திரியாவின் வெர்னர் ஷ்லாகர், 2003, பாரிஸ். அதற்குப் பிறகு 2005 முதல் 2025 வரை நடந்த பதினொரு போட்டிகளிலும் ஆண்கள் ஒற்றையர் பட்டம் சீனாவைத் தாண்டிப் போகவில்லை.

ஷ்லாகரின் அந்த வாரத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லியே ஆக வேண்டும். காலிறுதியில் எதிரே நடப்புச் சாம்பியன் வாங் லிச்சின். ஆள் உயரம், ஃபோர்ஹேண்ட் அடித்தால் இடி மாதிரி இருக்கும். ஷ்லாகர் 2-3 என்று கேம்களில் பின்தங்கி, ஆறாவது கேமில் 6-10. அதாவது வாங்குக்கு நான்கு மேட்ச் பாயிண்ட்; அதில் ஒரு புள்ளி எடுத்தாலே ஆட்டம் முடிந்துவிடும். டிவி முன்னால் உட்கார்ந்திருந்தால் நாம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருப்போம். ஷ்லாகர் அந்த நான்கையும் காப்பாற்றினார், கேமை எடுத்தார், ஏழாவதையும் எடுத்தார். அரையிறுதியில் ஒலிம்பிக் சாம்பியன் கோங் லிங்ஹுயி. அதுவும் ஏழு கேம் போனது, அதிலும் ஷ்லாகரே. இறுதியில் தென்கொரியாவின் தடுப்பாட்டக்காரர் ஜூ சே-ஹியுக்கை 4-2 என்று வென்றார்.

ஷ்லாகர் உலகின் மிக வேகமான ஆட்டக்காரர் இல்லை. சர்வீஸிலும் மூன்றாவது பந்திலும் (சர்வீஸ் போட்டவரின் அடுத்த அடி) மூளையைச் செலவழிப்பவர். நெருக்கடியில் எதிராளி எதை எதிர்பார்க்கிறானோ அதைத் தராமல் விடுவதுதான் அவருடைய பலம்.

ஸ்வீடன் மாதிரி ஒரு சின்ன நாடு சீனாவை 5-0 என்று அடித்தது உண்மையா?

உண்மை. 1989, அதே டார்ட்மண்ட். யான்-ஓவே வால்ட்னர், யோர்கன் பெர்சன், மிக்கேல் ஆப்பல்கிரென் மூவரும் அணி இறுதிப் போட்டியில் சீனாவுக்கு ஒரு ஆட்டம்கூடக் கொடுக்கவில்லை. ஒற்றையர் இறுதியும் இரண்டு ஸ்வீடன்காரர்களுக்குள்ளேயே. வால்ட்னர் பெர்சனை வென்றார். இரண்டு வருடம் கழித்து ஜப்பானின் சிபாவில் பெர்சன் வால்ட்னரை வென்று கணக்கைத் தீர்த்தார். அந்தப் போட்டியில் சீன ஆண்கள் அணிக்கு ஏழாம் இடம். ஏழு! இன்றைக்கு நினைத்துப் பார்க்கவே முடியாது.

எப்படி நடந்தது? அப்போது சீனர்களில் பலரும் பேனா பிடிப்பதுபோல் மட்டையைப் பிடித்து, மேசையை ஒட்டி நின்று, புள்ளி ரப்பரால் (சின்னச் சின்ன முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர்) பட்பட்டென்று அடிப்பவர்கள். பேக்ஹேண்ட் பக்கம் பந்து வந்தால் தள்ளிவிட்டு, ஃபோர்ஹேண்டுக்காகக் காத்திருப்பார்கள். ஸ்வீடன்காரர்கள் கைகுலுக்குவதுபோல் மட்டையைப் பிடித்து, இரண்டு பக்கமும் டாப்ஸ்பின் (முன்சுழல்) போட்டார்கள். தள்ளிவிட்ட பந்துக்கே அடி விழ ஆரம்பித்ததும் சீனர்களின் பழைய வாய்ப்பாடு தப்பாகிப் போனது.

இன்னொன்று: ஸ்வீடன்காரர்கள் இதைச் சீனாவிடமிருந்தும் கற்றார்கள். வால்ட்னர் 1980இல், பதினைந்து வயதுகூட ஆகாத பையனாக, பயிற்சிக்குச் சீனா போய் வந்தவர். சர்வீஸ் என்பது ஆட்டத்தைத் தொடங்கும் சடங்கல்ல, அதுவே ஓர் ஆயுதம் என்பதை அங்கே பார்த்தார்.

வால்ட்னரைப் பற்றி எல்லோரும் பக்தியோடு பேசுகிறார்களே, அப்படி என்ன செய்தார்?

பட்டியல் போட்டால் நீளும். 1992 பார்சிலோனாவில் ஒலிம்பிக் ஒற்றையர் தங்கம். இறுதியில் பிரான்ஸின் ழான்-பிலிப் காத்தியானை 3-0 என்று வென்றார். ஒலிம்பிக் டேபிள் டென்னிஸில் ஐரோப்பாவுக்கு இதுவரை கிடைத்திருக்கும் ஒரே தங்கம் அதுதான், எல்லாப் பிரிவுகளையும் சேர்த்து. 1997 மான்செஸ்டர் உலகப் போட்டியில் ஒரு கேம்கூட இழக்காமல் சாம்பியன் ஆனார்.

ஆனால் பக்திக்குக் காரணம் பட்டியல் இல்லை. அவருடைய சர்வீஸை ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கைப்பிடியை விட்டுவிட்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மட்டையைப் பிடித்திருக்கும். மணிக்கட்டு ஒரே மாதிரி சுழலும். ஒரு பந்து வலையைத் தாண்டியதும் பின்சுழலோடு நிற்கும்; அடுத்தது, அதே அசைவில், சுழலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வரும். முதல் பந்தைப் போலவே இரண்டாவதையும் தூக்கி எடுத்தால் பந்து மேசையைத் தாண்டிப் பறக்கும். எதிராளி மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், ரப்பரில் ஏதோ கோளாறு என்பதுபோல.

சீனாவில் அவருக்கு 'லாவ் வா' என்று செல்லப்பெயர். நம் ஊரில் 'பெரியவர் வால்ட்னர்' என்று சொல்வதுபோல. ஒரு தலைமுறைச் சீன ஆட்டக்காரர்கள் வந்து போனார்கள், அடுத்த தலைமுறையும் வந்தது, இவர் அப்படியே நின்றார். 2000ஆம் ஆண்டு கோலாலம்பூரில், 34 வயதில், பெர்சனோடு சேர்ந்து மறுபடியும் சீனாவை 3-2 என்று வீழ்த்தி உலக அணிப் பட்டம் வாங்கினார். அதற்கடுத்த 2001 தொடங்கி 2024 வரை ஒரு அணிப் பட்டத்தைக்கூடச் சீன ஆண்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

1989இல் தோற்ற பிறகு சீனா என்ன செய்தது?

அழுதுகொண்டு உட்காரவில்லை. இத்தாலி அணிக்குப் பயிற்சியாளராக இருந்த சாய் ஜென்ஹுவா ஊர் திரும்பி, 1991இல் ஆண்கள் அணியைக் கையில் எடுத்தார். ஐரோப்பாவை உள்ளிருந்து பார்த்த ஆள். கோங் லிங்ஹுயி போன்ற பையன்களைக் கைகுலுக்கல் பிடியில், ஐரோப்பிய பாணி டாப்ஸ்பின்னோடு வளர்த்தார்கள். பேனா பிடியையும் கைவிடவில்லை. மட்டையின் பின்பக்கத்திலும் ரப்பர் ஒட்டி அதனால் பேக்ஹேண்ட் அடிக்கும் வித்தையை லியு குவோலியாங் கொண்டுவந்தார், மா லின், வாங் ஹாவ் இருவரும் அதை வளர்த்தெடுத்தார்கள். 1995இல் தியான்ஜினில், சொந்த மண்ணில், ஸ்வீடனை 3-2 என்று வென்று பட்டத்தைத் திரும்ப வாங்கினார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் 'நகல்' ஆட்டக்காரர்கள். சீன முகாமில் ஒரு வெளிநாட்டு வீரரின் ஆட்டத்தை அச்சு அசலாக ஆடிக் காட்டுவதையே வேலையாகக் கொண்ட பயிற்சித் துணைவர்கள் இருப்பார்கள். நீங்கள் ஒரு புதிய சர்வீஸைக் கண்டுபிடித்து ஒரு போட்டியில் ஜெயித்தால், அடுத்த போட்டிக்குள் பெய்ஜிங்கில் ஒருவர் அதே சர்வீஸை ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பார். சீன நட்சத்திரம் மா லோங்கை எதிர்த்துப் பழக, உங்களுக்கு ஒரு நகல் மா லோங்கை யார் தருவார்?

விதிகளை மாற்றியதே சீனாவைக் கட்டிப்போடத்தான் என்கிறார்களே?

அந்தப் புலம்பல் சீன ரசிகர்களிடம் உண்டு. 2000இல் பந்து 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது, 2001இல் 21 புள்ளி கேம் 11 ஆனது, 2002இல் சர்வீஸை உடம்பால் மறைக்கத் தடை, 2008இல் கரைப்பான் கலந்த வேகப் பசைக்குத் தடை, 2014இல் பிளாஸ்டிக் பந்து. ஷ்லாகரின் 2003 வெற்றி முதல் மூன்று மாற்றங்களின் சூட்டில் வந்தது என்பது மறுக்க முடியாதது. 11 புள்ளி கேமில் ஒரு நல்ல ஐந்து நிமிடம் போதும். ஆனால் அதற்குப் பிறகு? புதிய விதிக்கு முதலில் பழகிக்கொள்வது யாரிடம் ஆள்பலமும் நேரமும் அதிகம் இருக்கிறதோ அவர்கள்தான். பலன் யாருக்குப் போனது என்று சொல்லத் தேவையில்லை.

பசைத் தடை ஐரோப்பாவையே அதிகம் கடித்தது என்பது என் எண்ணம். ஏனென்றால் அந்தப் பழக்கம் அங்கே பிறந்தது. 1970களில் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டும் பசையைத் தடவினால் ஸ்பாஞ்ச் உப்பி, பந்து துள்ளிப் பாய்கிறது என்று கண்டுபிடித்தவர்களில் ஹங்கேரியின் டிபோர் கிளாம்பார் பெயர் முன்னால் நிற்கும். அவரும் யோன்யரும் கெர்கெலியும் சேர்ந்த ஹங்கேரி அணி 1979இல் சீனாவைத் தோற்கடித்து உலகப் பட்டம் வென்றது.

உண்மையில் உதவிய ஒரே விதி, ஒலிம்பிக் ஒற்றையரில் நாட்டுக்கு இருவர் மட்டும் என்பது. 2008 பெய்ஜிங்கில் மூன்று பதக்கமும் சீனாவுக்கே போனதைப் பார்த்துவிட்டு 2012இல் கொண்டுவந்தார்கள்.

டிமோ போல் ஏன் ஒருமுறைகூட உலகச் சாம்பியன் ஆகவில்லை?

வலிக்கும் கேள்வி. இடது கைக்காரர், டாப்ஸ்பின்னில் அவருக்கு இணை கிடையாது, எட்டு முறை ஐரோப்பிய ஒற்றையர் சாம்பியன், 2003இல் உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்த முதல் ஜெர்மானியர். 2005இல் லீஜில் நடந்த உலகக் கோப்பையில் வாங் லிச்சின், மா லின், வாங் ஹாவ் மூவரையும் ஒரே போட்டியில் வென்றார். இதைவிடப் பெரிய சாதனையை இந்த நூற்றாண்டில் எந்த ஐரோப்பியரும் செய்யவில்லை என்பேன். ஆனால் உலகச் சாம்பியன்ஷிப் ஒற்றையரில் இரண்டு வெண்கலத்தோடு நின்றுவிட்டார். ஒரு பெரிய காரணம் முதுகு வலி. மற்றொன்று, அவர் உச்சத்தில் இருந்தபோதுதான் சீனாவும் உச்சத்தில் இருந்தது.

அவரைப் பற்றி ஒரு காட்சி. 2005, ஷாங்காய் உலகப் போட்டி, லியு குவோஜெங்கோடு ஆட்டம், கடைசி கேம், போலுக்கு மேட்ச் பாயிண்ட். லியுவின் பந்து வெளியே போனதாக நடுவர் புள்ளியை போலுக்குக் கொடுத்துவிட்டார். ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். போல் கையை உயர்த்தி, பந்து மேசையின் விளிம்பில் உரசியது, புள்ளி லியுவுக்கு என்று சொல்லிவிட்டார். பிறகு தோற்றும் போனார். சீனாவில் அவருக்கு இவ்வளவு ரசிகர்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐரோப்பியர்கள் எங்கே பயிற்சி செய்கிறார்கள்?

கிளப்பில். மாகாண அணி, இரண்டாம் அணி, தேசிய அணி என்ற சீனப் படிக்கட்டு அங்கே இல்லை. ஜெர்மனியின் புண்டஸ்லீகா லீக்தான் அச்சாணி; டுசெல்டார்ஃப், ஓக்சன்ஹவுசன், ஸார்ப்ரூக்கன் என்று ஊர் ஊராக அணிகள். போல் சிறுவனாக இருந்தபோது அவருக்காக ஒரு கிளப் தன் பயிற்சியையே அவர் ஊரான ஹோக்ஸ்டுக்கு மாற்றிக்கொண்டது. ஒரு பையனை நம்பி ஒரு கிளப்பே இடம்பெயர்வது நல்ல கதைதான். ஆனால் அந்த மாதிரி ஒரு பையன் வருவது எத்தனை வருடத்துக்கு ஒருமுறை? சீனாவில் அவனைப்போல் பத்துப் பேர் ஒரே கூடத்தில் இருப்பார்கள்.

நம் சென்னை சரத் கமலும் டுசெல்டார்ஃபின் போருசியா கிளப்புக்கு ஆடியவர். அங்கே போலோடு ஒரே கூடத்தில் பந்தடித்த அனுபவத்தின் மிச்சத்தை டோக்கியோ ஒலிம்பிக்கில் மா லோங்கிடமிருந்து அவர் ஒரு கேமைப் பறித்தபோது பார்த்ததாக நான் நினைத்துக்கொள்வேன். ஆதாரம் கேட்காதீர்கள்.

இப்போது ஓட்டம் எதிர்த் திசையிலும் உண்டு. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கம் வென்ற சீனாவின் ஃபான் ஜென்டோங் 2025இல் ஸார்ப்ரூக்கன் அணியில் சேர்ந்தார்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் வாங் சூச்சின் தோற்றது மட்டை உடைந்ததால்தானே?

கலப்பு இரட்டையர் தங்கம் வென்ற கொண்டாட்டத்தில் ஒரு புகைப்படக்காரரின் காலடியில் வாங்கின் மட்டை உடைந்தது நிஜம். மறுநாள் மாற்று மட்டையோடு ஆடி, முதல் நிலை வீரரான அவர் ஸ்வீடனின் ட்ரூல்ஸ் மொரேகார்டிடம் 4-2 என்று தோற்றார். மட்டை மாறினால் ஆட்டம் மாறும், சந்தேகமில்லை. ஆனால் மொரேகார்ட் அதோடு நிற்கவில்லை; இறுதிவரை போய், ஃபான் ஜென்டோங்கிடம் முதல் கேமையும் எடுத்து, பிறகுதான் 4-1 என்று தோற்றார். 2021இலேயே ஹூஸ்டன் உலகப் போட்டியின் இறுதிக்கு வந்தவர் அவர். அப்புறம் 2025 ஆகஸ்டில், சொந்த நாட்டின் மால்மோ நகரில் நடந்த ஐரோப்பா ஸ்மாஷ் இறுதியில், மீண்டும் அதே வாங்கை அதே 4-2 என்று வென்றார். இந்த முறை யார் மட்டையும் உடையவில்லை.

மொரேகார்டின் ஆறு மூலை மட்டை விதிப்படி சரியா?

சரி. மட்டை எந்த அளவில், எந்த வடிவத்தில், எந்த எடையிலும் இருக்கலாம் என்றுதான் விதி சொல்கிறது. தட்டையாக, வளையாமல் இருக்க வேண்டும். பலகையின் தடிமனில் 85 சதவீதமாவது இயற்கை மரமாக இருக்க வேண்டும். இத்தனை வருடமாக எல்லோரும் வட்டமாகவே செய்துகொண்டிருந்தது பழக்கத்தால்தான்.

பிரெஞ்சுப் பையன் ஃபெலிக்ஸ் லெப்ரன் ஏன் சீனாக்காரர் மாதிரி மட்டை பிடிக்கிறார்?

2006இல் மான்ட்பெல்லியேயில் பிறந்தவர். அப்பாவும் டேபிள் டென்னிஸ் ஆட்டக்காரர், அண்ணன் அலெக்சியும் அப்படியே. உள்ளூர் கிளப்பில் ஆடிய ஒரு சீனர் பேனா பிடியில் ஆடுவதைப் பார்த்துக் குழந்தையிலேயே அதைப் பிடித்துக்கொண்டார். நம் கிளப்களில் ஒரு பையன் அப்படிப் பிடித்தால் முதல் நாளே கையைத் தட்டி மாற்றிவிடுவார்கள்; எனக்கு மாற்றினார்கள். அவரை யாரும் மாற்றவில்லை.

வேடிக்கை என்னவென்றால், சீனாவின் முன்னணி ஆண்களில் அநேகமாக எல்லோரும் இன்று கைகுலுக்கல் பிடிதான். பேனா பிடிக்காரர்களை எதிர்த்துப் பழகிய கை அங்கேயே குறைந்துவிட்டது. அந்த இடைவெளியில் கண்ணாடி போட்ட ஒரு பதினேழு வயதுப் பையன் நுழைந்து பாரிஸில் ஒற்றையர் வெண்கலமும், அண்ணனோடும் சிமோன் கோஸியோடும் அணி வெண்கலமும் வாங்கிவிட்டார்.

ஐரோப்பாவுக்கு ஆடும் சீனர்கள் இல்லையா?

உண்டு. ஸ்பெயினுக்காக ஹே ஜிவென் 54 வயதில் ரியோ ஒலிம்பிக் ஆடினார். ஆனால் ஆண்கள் பக்கத்தில் சீனாவை அச்சுறுத்தியவர்கள் பெரும்பாலும் மண்ணின் மைந்தர்கள்தான்.

ஒரு சீனரை வெல்கிறார்கள், பட்டத்தை மட்டும் ஏன் விடுகிறார்கள்?

ஏனென்றால் பட்டத்துக்கு ஒருவரை வென்றால் போதாது, வரிசையாக இரண்டு மூன்று பேரை வெல்ல வேண்டும். ஒருவரை வெல்ல ஒரு புதுமை போதும். 2019 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் ஸ்வீடனின் மத்தியாஸ் ஃபால்க் ஃபோர்ஹேண்டில் புள்ளி ரப்பர் வைத்துக்கொண்டு இறுதிவரை போனார். அங்கே மா லோங் 4-1 என்று முடித்தார். அதே ஃபால்க், கிறிஸ்டியன் கார்ல்சனோடு 2021இல் இரட்டையர் பட்டம் வென்றார், ஐரோப்பிய ஜோடி ஒன்று முப்பது வருடத்துக்குப் பிறகு. ஜெர்மனியின் டிமித்ரி ஓவ்சரோவ் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் மா லோங்கை ஏழாவது கேம் வரை இழுத்தார். நெருங்கியவர்கள் எல்லோரிடமும் சீன முகாம் அதுவரை நகல் எடுக்காத ஏதோ ஒன்று இருந்தது. நகல் எடுத்த பிறகும் ஜெயித்துக்கொண்டே இருந்தவர் வால்ட்னர் ஒருவர்தான், ஏனென்றால் அவர் அடுத்த போட்டிக்கு வேறொன்றோடு வந்தார். மொரேகார்ட் அந்த வகையா என்பதுதான் இப்போது நான் பார்த்துக்கொண்டிருப்பது.

எல்லாம் சரி, புதிதாகப் பார்ப்பவர் எந்த ஆட்டத்தில் தொடங்கலாம்?

2004 ஏதென்ஸ், வால்ட்னருக்கும் மா லின்னுக்கும் நடந்தது. ஒருவருக்கு 38 வயது, மற்றவர் உச்சத்தில் இருக்கும் இளைஞர். 4-1 என்று பெரியவர் ஜெயித்தார். அடுத்த சுற்றில் டிமோ போலையும் அதே 4-1 என்று அனுப்பிவைத்தார், பிறகு பதக்கம் இல்லாமல் நான்காவதாக முடித்தார். முதல் தடவை பார்க்கும்போது புள்ளிகளை எண்ணாதீர்கள். வால்ட்னரின் கால்களைப் பாருங்கள், எவ்வளவு கொஞ்சமாக நகர்கின்றன என்று. அப்புறம் மா லின்னின் கால்களைப் பாருங்கள்.